மூன்றாம் நம்பர் கேட்

மத்தியானம் பன்னிரண்டே முக்கால். ஆமாம்... மத்தியானம்தான். ராத்திரியில் மட்டும்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நிழல் காலுக்கடியில் ஒடுங்கிக்கொள்கிற நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் ஆளில்லாத வெட்டவெளியில் நின்றவனைக் கேட்டுப் பாருங்கள்.

நகர் ரோட்டில் வாகோலி தாண்டி, ரஞ்சன்காவ் போகிற வழியில், இடது கைப் பக்கம் ஒரு மண் பாதை பிரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு டீக்கடை கூடக் கிடையாது. நாலு கிலோமீட்டர்... கருவேல முள், காய்ந்த புல், அங்கங்கே யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டட இடிசல். நாய் கூடக் குரைக்காது. அந்தப் பாதையின் முடிவில்தான் நாளைக்கு நாம் போகப்போகிற ஸ்டேடியம்.

சிரிக்காதே விஜய். நீ பாட்டுக்கு அந்த பேனருக்கு பெயின்ட் அடி, காது மட்டும் இங்கே இருந்தால் போதும். ப்ரீதி, அந்த ஜன்னலைச் சாத்தம்மா... காற்றுக்கு டப்பா உருள்கிறது.

இது எங்கேயோ கேட்ட கதையில்லை. நம் ஸ்டெல்லாவின் அண்ணன் சேவியருக்கு நடந்தது. அதோ, மூலையில் உட்கார்ந்து கொடிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருக்கிறாளே, அவளே சாட்சி. அவளைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். "சொல்லுங்க. நாளைக்கு எல்லாரும் போறீங்கல்ல... தெரிஞ்சுக்கட்டும்" என்றாள். நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

சேவியரை உங்களுக்கெல்லாம் தெரியும். ப்ரீதி நம் பேட்டைக்கு, இந்தக் கட்கிக்குப் புதுசு, அவளுக்காகச் சொல்கிறேன். அவனுக்கு ஒரு மண் பரிசோதனைக் கம்பெனியில் வேலை. கட்டடம் கட்டுவதற்கு முன்னால் மண் தாங்குமா என்று பார்க்கிற வேலை. மூன்று கால் நட்டு, குழிக்குள் கம்பியை நிறுத்தி, அதன் தலையில் அறுபது கிலோ இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். டங்... டங்... ஒரு ஸ்கேல் நீளம் கம்பி இறங்க எத்தனை தட்டு ஆகிறது என்று எண்ணுவார்கள். ஐம்பது தட்டு வாங்கினால் கீழே பாறை. நாலைந்தில் இறங்கிவிட்டால் உதவாத மண். அவ்வளவுதான் வித்தை. ஒழுங்காக எண்ண வேண்டும், எண்ணியதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மனைவி போய்ச் சேர்ந்தபோது மகள் ஜெனிபருக்கு நாலு வயது. வளர்த்தது ஸ்டெல்லாதான். அந்தப் பெண்ணுக்கு அ, ஆ வந்ததோ இல்லையோ, பந்தை உதைக்க வந்துவிட்டது. சர்ச் மைதானத்தில் பையன்களோடு ஆடி, இதோ இந்த விஜய் முழங்காலை இரண்டு தடவை பெயர்த்திருக்கிறாள். சேவியருக்கு உயிரே அவள்தான். அவள் ஆடுகிற நாளெல்லாம் கோல் போஸ்டுக்குப் பின்னால் டிபன் பாக்ஸோடு நிற்பான். அவளுக்கு ஒன்று என்றால் அவன் இல்லை.

அந்த வருஷம்தான் நம் ஃபுட்பால் க்ளப்புக்குச் சொந்த ஸ்டேடியம் எங்கே கட்டுவது என்று சண்டை. பாணேர் மலைக்குப் பின்னால் ஓர் இடம். மகர்பட்டா பக்கம் ஓர் இடம். நகர் ரோட்டில் இந்த மூன்றாவது. பாணேரில் ஏற்கெனவே வண்டி நகர்வதில்லை, இதுவேறா என்றார்கள். மகர்பட்டாவில் பார்க்கிங்குக்கு இடம் போதாது என்றார்கள். நகர் ரோடு தூரம், ஆனால் பெரிசு. அங்கே கட்டினால் பக்கத்திலேயே பெண்களுக்குப் பயிற்சிக்கூடமும் விடுதியும் கட்டுவோம் என்று க்ளப் சொன்னது. அவ்வளவுதான்... ஜெனிக்குத் தலைகால் புரியவில்லை. ரசிகர்களிடம் ஓட்டெடுத்தபோது கட்கியிலிருந்து நாம் அத்தனை பேரும் எதற்குக் கை தூக்கினோம்? சொல்லுங்களேன். இப்போது எல்லோரும் பெயின்ட் டப்பாவையே பார்த்தால் எப்படி?

மண் மட்டும் சரியென்று வர வேண்டும். அந்த வேலை சேவியரின் கம்பெனிக்கு வந்தது.

ஐந்து குழி. சுண்ணாம்பால் குறி போட்டு, முளையடித்து, சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நாலு குழி முடிந்தது. நாலிலும் நல்ல பாறை. ஐந்தாவது கிழக்கு ஓரத்தில். ஏப்ரல் மாசம்... வெயில் மண்டையைப் பிளக்கிறது. சேவியரும், மெஷின் ஓட்டுகிற முகமது இஸ்மாயிலும்தான். கூலியாட்கள் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தார்கள்.

முதல் தட்டுக்கே கம்பி விறுவிறுவென்று இறங்கியது. அடுத்த ஆழத்தில் குண்டைப் போடவே வேண்டியிருக்கவில்லை... கம்பி தன் பாரத்திலேயே உள்ளே போனது. மேலே வந்த மண்ணில் பிளாஸ்டிக் பை, செங்கல் துண்டு, அழுகின வாடை.

"சேவியர் பாய், இது மண்ணே இல்ல. பழைய கல்குவாரி. கச்சரா, குப்பை போட்டு மூடி வச்சிருக்கானுங்க" என்றான் இஸ்மாயில்.

சேவியருக்கும் தெரிந்துவிட்டது. எவ்வளவு ஆழம் என்று பார்த்துவிடலாம், அதற்குமுன் ஒரு வாய் தண்ணீர் குடிப்போம் என்று இன்ஜினை நிறுத்தச் சொன்னான்.

இன்ஜின் நின்றது. காது கொய்யென்றது.

அப்புறம்...

டொக். டொக்.

ஃபூ... ஃபூ...

அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். கட்கியில் தெரியாதவர் யார்? மாதா திருவிழாவாகட்டும், சர்ச் மைதானத்துப் பந்தயமாகட்டும், மைக் நம் ஸ்டெல்லா கையில்தான். எடுத்ததும் மோதிரத்தால் இரண்டு தட்டு, பிறகு இரண்டு ஊது. அதற்கப்புறம்தான் பேச்சு. அதைச் செய்துகாட்டிக் கேலி பண்ணாத பிள்ளை இந்தத் தெருவில் கிடையாது. அதைத்தான் சேவியர் கேட்டான்... அந்தப் பொட்டல்வெளியில். குழிக்குள்ளிருந்து இல்லை. ஒரு பக்கத்திலிருந்தும் இல்லை. சுற்றிலும் பெரிய பெரிய ஸ்பீக்கர் கட்டின மாதிரி, எதிரொலியோடு.

கூடவே ஒரு வாடை. ஆட்டக்காரர்கள் அடிபட்ட முழங்காலில் அடித்துக்கொள்வார்களே ஸ்ப்ரே... ஜெனியின் பையைத் திறந்தாலே முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. அதற்கு மேல் சிமென்ட் தூசி. மூச்சு முட்டியது அவனுக்கு. கண்ணுக்கு மட்டும் ஒரு தூசியும் தெரியவில்லை.

"சேவியர் அண்ணே... சேவியர் அண்ணே... எங்க இருந்தாலும் மூணாம் நம்பர் கேட்டுக்கு வந்துருண்ணே. ஜெனி இங்கதான்..."

அவ்வளவுதான். பட்டென்று நின்றுவிட்டது. அவள் அழுதுகொண்டே பேசினாள் என்றான் சேவியர். அவள் குரலுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்களாம்... ஒருத்தர் கூடக் கத்தவில்லையாம். மூச்சு மட்டும் கேட்டதாம்.

வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று சொல்லப்போகிறாயா விஜய்? இஸ்மாயிலும் கேட்டிருக்கிறான். "யாரு பாய் மைக் போட்டது? இங்க எங்க ஷாதி, கல்யாணம் நடக்குது?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகுதான் அவனுக்கும் உறைத்தது, சுற்றி ஒரு கூரை கூட இல்லை என்று. கம்பியைக் குழியிலேயே விட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடினார்கள். சேவியர் மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் போனையே எடுத்தான்.

"ஸ்டெல்லா, எங்க இருக்க?"

"ஸ்கூல்ல. பேப்பர் திருத்திட்டு இருக்கேன். ஏண்ணே இப்படி மூச்சு வாங்குது?"

"ஜெனி?"

"வீட்ல தூங்குறா. ப்ராக்டிஸ் முடிச்சு நாலு வடாபாவை முழுங்கிட்டுப் படுத்தா, இன்னும் எந்திரிக்கல. என்னண்ணே ஆச்சு?"

ஒன்றுமில்லை என்றான். போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. ஸ்டேடியமே இல்லை, கேட் எங்கிருந்து வரும்? இரண்டு பேருக்கும் வெயில் அடித்திருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இனிமேல்தான் அவன் செய்த தப்பு. கம்பெனியில் ஐந்து குழிக்கும் தட்டுக் கணக்கு எழுதின சீட்டு கேட்டார்கள். இஸ்மாயில் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வாணியம்பாடிக்கு ரயிலேறிவிட்டான். தனியாகத் திரும்பிப் போக சேவியருக்கு தைரியம் இல்லை. அந்தத் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு... பக்கத்துக் குழியைப் பார்த்து எழுதுவது. நாலாவது குழியின் தட்டுகளை எடுத்து, இங்கே ஒன்று கூட்டி, அங்கே இரண்டு குறைத்து, ஐந்தாவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். பயத்தில் எழுதினாயா, ஜெனிக்காக எழுதினாயா என்று ஒருநாள் கேட்டேன். ரெண்டும்தான் என்றான். குலுங்கிக் குலுங்கி அழுதான். பார்க்கவே முடியவில்லை.

ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குரல் வராமல் இருந்திருந்தால் அவன் குழியை அடிவரை இறக்கியிருப்பான். உள்ளதை எழுதியிருப்பான். இந்த இடமே வேண்டாம் என்று ஆகியிருக்கும். அப்படியானால் அது காப்பாற்ற வந்ததா, கெடுக்க வந்ததா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கட்டினார்கள். எவ்வளவு வேகம்! ஜெனி விடுதியில் சேர்ந்தாள். போன வருஷம் தீபாவளி லீவுக்கு முன்னால், பிள்ளைகளின் அப்பா அம்மாவை அழைத்து ஸ்டேடியத்தைச் சுற்றிக் காட்டினார்கள். சேவியரும் போனான். கிழக்கு ஸ்டாண்ட் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறது. அதன் அடியில் ஒரு பெரிய வாசல். பெயின்டர் ஒருவன் ஏணியில் நின்று அதற்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தான். தூரத்தில், அன்றைக்கும் பார்த்த தண்ணீர் டாங்கியையும் மலையையும் வைத்து சேவியர் மனசுக்குள் கணக்குப் போட்டான்... அவன் நிற்கிற இடம்தான் ஐந்தாவது குழி. சிவப்புத் துணி கட்டிய முளை இருந்த அதே இடம். நிமிர்ந்து பார்த்தான். பெயின்டர் மூன்றை எழுதி முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினான்.

அன்றைக்குத்தான் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

சும்மா இருந்தான் என்று நினைக்காதீர்கள். முதலாளியிடம் போய், ஐந்தாவது குழி பொய் சார் என்றான். "கையெழுத்து உன்னோடதுதானே? யார் உள்ள போவாங்க?" என்று கேட்டார் அவர். பெரிய இன்ஜினீயரைப் பார்த்தான். தூண் எல்லாம் பாறையில் உட்கார்ந்தாகிவிட்டது என்றார் அவர். அது பாறையில்லை ஐயா, குவாரிக்குள் உருட்டிவிட்ட பாறாங்கல் என்றான். வாட்ச்மேனைக் கூப்பிட்டு வெளியே விட்டார்கள். க்ளப் ஆபீஸில் எழுதிக் கொடுத்தான். சீல் குத்தி வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலை போனது. நம்மிடமும் வந்து சொன்னான். நாம் என்ன செய்தோம்? பாவம், தலைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். நானும்தான்.

கடைசியில் மகளிடம் கெஞ்சினான். ஆட வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடு என்று.

"அப்பா, நீங்க தப்பா எழுதினதுக்கு நான் ஏம்பா விளையாடாம இருக்கணும்?"

போனை வைத்துவிட்டாள். பதினெட்டு வயசில் சேர்ந்து, இருபதில் முதல் முதலாக டீமில் பெயர் வந்திருக்கிறது. நாளைக்குத் திறப்பு விழா ஆட்டம். அவளும்தான் எப்படி விடுவாள்?

ஸ்டெல்லா அன்றைக்கு வைத்த மைக்கை இன்றுவரை தொடவில்லை. இந்த வருஷத் திருவிழாவில் யாரோ ஒரு பையன் பேசி, பாதிப் பேர் பெயரைக் கடித்துத் துப்பினான், ஞாபகம் இருக்கிறதா? மைக்கைத் தொடாவிட்டால் போதாதா, நீயும் ஆட்டம் பார்க்க வாயேன் என்று சேவியரே கூப்பிட்டான். அதற்கு இவள் சொன்னது எனக்கு அப்படியே காதில் நிற்கிறது.

"அங்க ஏதாவது ஆகி, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைக் காணோம்னு வச்சுக்கோ. மைக்கு கண்ணு முன்னாடி இருந்தா நான் புடுங்காம இருப்பேனாண்ணே? அதனால நான் அந்தப் பக்கமே வரல. என் குரலே அங்க இல்லாட்டி, நீ கேட்டது எப்படி நடக்கும்?"

நியாயம்தானே? அதனால்தான் நாளைக்கு நம் பஸ்ஸில் அவளுக்கு சீட் போடவில்லை.

சேவியரும் ஒரு வழி கண்டுபிடித்தான். "அவ அழுது கூப்பிட்டான்னா, நான் அந்த கேட்ல இல்லன்னுதானே அர்த்தம்? முன்னாடியே போய் அங்க நின்னுட்டா... கூப்பிடவே வேண்டியதில்லையே" என்றான். ஒரு வருஷமாக அவன் முகத்தில் பார்க்காத தெளிவு. இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு, சப்பாத்தியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். ஆட்டம் முடிகிறவரை மூன்றாம் நம்பர் கேட்டை விட்டு ஓர் அடி நகரமாட்டேன் என்று ஸ்டெல்லா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டுப் போனான். போனைக் கூட எடுத்துப் போகவில்லை. யாராவது கூப்பிட்டால் மனசு மாறி நகர்ந்துவிடுவேனோ என்று பயம். அதோ அலமாரியில், மாதா படத்துக்குக் கீழே சார்ஜில் கிடக்கிறதே, அதுதான்.

கதை அவ்வளவுதான். இந்நேரம் அந்த கேட்டுக்கு அடியில், துண்டை விரித்து உட்கார்ந்திருப்பான். நாளைக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்து, வருகிற வழியில் அவனைக் கேலி பண்ணிக்கொண்டே...

என்ன ப்ரீதி? யாருக்கு மெசேஜ்?

உனக்குமா விஜய்? என்னுடையதும் துடிக்கிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில்... க்ளப்பிலிருந்து. டிக்கெட் வாங்கினவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். கண்ணாடி இல்லை எனக்கு, படியம்மா.

ப்ரீதி படிக்கிறாள். "போலீஸ் சொன்னதால கேட் நம்பரெல்லாம் மாத்திட்டாங்களாம். நாளைக்குக் காலைல புது போர்டு மாட்டிடுவாங்களாம். கிழக்கு ஸ்டாண்டுக்குக் கீழ இருக்கற கேட் இனிமே ஏழு. மூணாம் நம்பர் கேட் மேற்குப் பக்கம்... ப்ளேயர்ஸ் வர்ற வழி, ஆம்புலன்ஸ் நிக்கற எடம்னு போட்டிருக்கு."

விஜய்தான் முதலில் வாயைத் திறக்கிறான். சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அப்போ ஜெனி மூணாம் நம்பர்லதான் இருப்பா. அவளுக்கு ஒண்ணும் ஆகாது. அவ அங்க நின்னு அவங்க அப்பாவைத்தான் தேடி..."

முடிக்கவில்லை அவன். ஐயோ... மூன்று வருஷமாக மகளுக்குத்தான் ஆபத்து என்று அந்த மனுஷன் துடித்துக்கொண்டிருந்தான். அத்தனை ஸ்பீக்கரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வராமல் போகிறவன் யார் என்று அவனும் யோசிக்கவில்லை, நாமும் யோசிக்கவில்லை. அவன் இப்போது உட்கார்ந்திருப்பது ஐந்தாவது குழிக்கு மேல். அவன் தலைக்கு மேல் கிழக்கு ஸ்டாண்ட். ஆட்டம் முடிகிறவரை நகரமாட்டேன் என்று சத்தியம் வேறு.

க்ளப் நம்பருக்கு அடித்துப் பார்க்கிறேன். மணி பத்தாகிவிட்டது. எடுப்பார் இல்லை.

"யாராவது போய் அவனைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்" என்கிறேன். நான் போகிறேன் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. உங்களில் யாருக்கும் வரவில்லை. வாகோலி தாண்டி அந்த இடது கைப் பாதை... நாலு கிலோமீட்டர்.

ஸ்டெல்லா ஊசியைக் கொடியில் குத்திவிட்டு எழுந்திருக்கிறாள்.

"விஜய், பைக்கை எடு."

"அத்தே... நீங்க அந்தப் பக்கமே வரமாட்டேன்னு..."

"யார் கூப்பிட்டாலும் அவன் வரமாட்டான்டா. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கான். நான் போனாதான் வருவான். வந்தா கூட்டிட்டு வர்றேன். வரலேன்னா... வர்ற வரைக்கும் நானும் அங்கதான்."

செருப்பை மாட்டிக்கொள்கிறாள். அலமாரிக்குப் போய், சார்ஜரிலிருந்து சேவியரின் போனைப் பிடுங்கி, முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறாள். திரை இருட்டாக இருக்கிறது. உயிர் இருக்கிறதா என்று மோதிர விரலால் தட்டுகிறாள்.

டொக். டொக்.

பிறகு வாயருகே கொண்டுபோய், அதன் மேலிருந்த தூசியை ஊதுகிறாள். இரண்டு தடவை.